நடந்தவர்களுக்குப் பாட்டுத் தந்த புலவர்

பங்குனி மாதம். வெயில் ஏறும் நேரம். சங்கரன்கோவிலில் இருந்து கழுகுமலைக்குப் போகும் சாலையில் ஒரு கூட்டம் நடந்து போகிறது. சிலர் தோளில் காவடி. சிலர் தலையில் பால்குடம். யார் காலிலும் செருப்பு இல்லை.

ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தூரம். இரு பக்கமும் கரிசல் காடு. நிழல் குறைவு. பாதி வழியில் கால் சோர்கிறது, தோள் வலிக்கிறது. அப்போது கூட்டத்தில் ஒருவர் பாட்டை எடுக்கிறார். மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். மேளமும் சேர்ந்து கொள்கிறது. சோர்ந்த கால் தாளத்துக்கு எழும்புகிறது. சற்று நேரத்தில் காவடி ஆடத் தொடங்கி விடுகிறது!

வழி குறையவில்லை. வெயிலும் தணியவில்லை. ஆனாலும் நடை சுலபமாகி விட்டது. அந்த வேலையைச் செய்தது பாட்டு.

அந்தப் பாட்டுக்குக் காவடிச் சிந்து என்று பெயர். அதைத் தமிழ்நாடு முழுவதும் தெரியும்படி செய்தவர் அண்ணாமலை ரெட்டியார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். முப்பது வயது நிறைவதற்குள் உலகை விட்டுப் போனவர். அவர் மறைந்து 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவர் பெயரை அறியாதவர்கள்கூட அவர் பாட்டின் மெட்டை எங்கேயாவது கேட்டிருப்பார்கள்.

யார் இந்த அண்ணாமலை ரெட்டியார்?

கரிசல் மண்ணின் பிள்ளை

சங்கரன்கோவிலுக்கு வடக்கே, ராஜபாளையம் போகும் வழியில் கரிவலம்வந்தநல்லூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. பழைய சிவன் கோவில் உள்ள ஊர். அதற்குப் பக்கத்துச் சிற்றூர் சென்னிகுளம். அன்று இது திருநெல்வேலிச் சீமை. 2019 முதல் தென்காசி மாவட்டம்.

1860-களில் சென்னிகுளத்தில் அண்ணாமலை பிறந்தார். தகப்பனார் பெயர் சென்னவ ரெட்டியார். தாயார் ஓவு அம்மாள். உழவையும் மழையையும் நம்பிய ஊர் அது. மழை பெய்தால் பயிர், பொய்த்தால் பட்டினி. அந்த மண்ணில் ஒரு பிள்ளை வளர்ந்தால் ஏர் பிடிக்க வேண்டும் என்றுதான் பெரியவர்கள் எதிர்பார்ப்பார்கள். அண்ணாமலையின் மனமோ தமிழ்ப் பாட்டில் போய் ஒட்டிக் கொண்டது.

அந்தக் காலத்தில் பாட்டு எங்கே இருந்தது?

இன்று பாட்டுக் கேட்பது சிரமமான காரியம் அல்ல. பித்தானை அழுத்தினால் பாட்டு. பையில் இருக்கும் கைப்பேசியில் பாட்டு. டீக்கடையில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் எங்கும் பாட்டு.

அண்ணாமலை பிறந்த காலத்தில் இவை ஒன்றுமே இல்லை. அமெரிக்காவில் எடிசன் என்ற விஞ்ஞானி, பேச்சைப் பதிவு செய்து திருப்பிப் பேச வைக்கும் இயந்திரத்தை 1877-ல்தான் கண்டுபிடித்தார். இந்தியாவில் கிராமபோன் தட்டுக்காகப் பாட்டுப் பதிவு செய்தது 1902-ல், கல்கத்தாவில். சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் வந்தது 1938-ல்.

ஆகவே அன்று பாட்டுக் கேட்க வேண்டுமானால், பக்கத்தில் ஒரு மனிதர் பாடியாக வேண்டும். கேட்டவரே மறுநாள் பாடுகிறவர் ஆவார். 

அப்படியென்றால் ஏழை ஜனங்கள் பாட்டு இல்லாமலா இருந்தார்கள்? இல்லை. அவர்களுடைய வேலையில் எல்லாம் பாட்டு கலந்திருந்தது. கிணற்றில் கமலை இறைப்பவர் மாட்டை ஓட்டிக்கொண்டே பாடுவார். நாற்று நடும் பெண்கள் சேர்ந்து பாடுவார்கள். இரவில் வண்டி ஓட்டுகிறவர் தூக்கம் வராமல் இருக்கத் தெம்மாங்கு பாடுவார். தொட்டில் ஆட்டும் தாய்க்குத் தாலாட்டு. ஓய்ந்த நேரத்தில் கும்மி, கோலாட்டம். கோவில் கொடையில் இரவு முழுவதும் வில்லுப்பாட்டு.

இந்தப் பாட்டுகளை யாரும் புத்தகத்தில் பார்த்துப் பாடவில்லை. காது வழியாக வந்தது, வாய் வழியாகப் போயிற்று. வேலையோடு பிறந்த பாட்டு ஆனதால், கையும் காலும் அசைவதற்கு ஏற்பத் தாளம் அமைந்திருந்தது.

இந்த ஓசைகள் நிறைந்த மண்ணில்தான் அண்ணாமலை வளர்ந்தார். இதை மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். பிற்காலத்தில் அவர் செய்த பெரிய காரியத்துக்கு இதுவே விதை.

படிப்பு

ஊரில் படிப்பைத் தொடங்கிய அண்ணாமலை, பிறகு சேற்றூர் இராமசாமிக் கவிராயரிடம் தமிழ் கற்றார். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் உள்ள சேற்றூர், அந்நாளில் ஒரு ஜமீன். கவிராயர் அங்கே பெயர் பெற்ற புலவர்.

அங்கே படித்தது போதவில்லை. காவிரிக் கரையில் உள்ள திருவாவடுதுறை மடம் அப்போது தமிழ்ப் படிப்புக்குப் பெரிய இடம். மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் புலவர்களுக்குச் சோறும் பாடமும் அளித்து ஆதரித்தவர். ரயிலும் பஸ்ஸும் இன்று போல் இல்லாத காலத்தில், தெற்குச் சீமையில் இருந்து அவ்வளவு தூரம் போனார் இளைஞர் அண்ணாமலை.

மடத்தில் அவருக்குப் பாடம் சொன்னவர்களில் ஒருவரைத் தமிழ் உலகம் முழுவதும் அறியும். அவர்தான் உ. வே. சாமிநாத ஐயர். பின்னாளில் சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை முதலிய பழைய நூல்களை ஓலைச் சுவடியில் இருந்து எடுத்து அச்சிட்டுத் தந்த தமிழ்த் தாத்தா. அவரிடம் அண்ணாமலை நன்னூல் முதலியவற்றைப் பாடம் கேட்டார்.

இப்படி இலக்கணமும் இலக்கியமும் நன்கு கற்றுக் கொண்டு சொந்தச் சீமைக்குத் திரும்பினார்.

ஜமீன்தார் அவையில்

புலவருக்குத் தமிழ் சோறு போடுமா? அன்று அதற்கு ஒரே வழி, ஒரு ஜமீன்தாரின் ஆதரவுதான்.

ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் தமிழையும் சங்கீதத்தையும் நேசித்தவர். அவருடைய அரண்மனை வீரகேரளம்புதூரில் இருந்தது. இந்த ஊரைப் புலவர்கள் வீரை என்று சுருக்கிச் சொல்வார்கள். சாமிநாத ஐயரும் இந்த ஜமீன்தாரோடு பழகியவர்.

அண்ணாமலை ரெட்டியாரின் புலமையை மருதப்பத் தேவர் கண்டுகொண்டார். தம் அவையின் புலவராக வைத்துக் கொண்டார். வயதில் சிறியவரான புலவருக்குப் பெரிய இடம் கிடைத்து விட்டது.

இரண்டு வகைப் பாட்டு

அவைப் புலவர் என்றால் கற்றவர்கள் மெச்சும்படி பாட வேண்டும். ரெட்டியார் அப்படியும் பாடினார். வீரை ஊரைப் பற்றித் தலபுராணம் பாடினார். கரிவலம்வந்தநல்லூரைப் பற்றிக் கருவை மும்மணிக்கோவை பாடினார். சங்கரன்கோவில் கோமதி அம்மனைப் பற்றிக் கோமதி அந்தாதி பாடினார். சங்கரன்கோவில் திரிபந்தாதியும் பாடினார்.

திரிபந்தாதி என்றால் என்ன? ஒரு பாட்டில் நான்கு அடிகள். ஒவ்வோர் அடியின் தொடக்கத்திலும் முதல் எழுத்து மட்டும் மாறும். அதை அடுத்த எழுத்துகள் ஒன்று போலவே வரும். ஆனால் பொருள் வேறு வேறாக இருக்கும். இது திரிபு. ஒரு பாட்டு முடிந்த சொல்லில் அடுத்த பாட்டு தொடங்க வேண்டும். இது அந்தாதி. இரண்டையும் சேர்த்துப் பாடுவது கயிற்றின் மேல் நடப்பது போன்ற வித்தை!

இந்த வித்தை ரெட்டியாருக்குக் கை வந்தது. ஆனால் அதை அனுபவிக்க யாரால் முடியும்? உரை சொல்லிக் கொடுக்க ஒரு புலவர் வேண்டும். ஏட்டையோ புத்தகத்தையோ கையில் வைத்துக் கொண்டு, பிரித்துப் பிரித்துப் படிக்க வேண்டும். கமலை இறைப்பவருக்கும் நாற்று நடும் பெண்ணுக்கும் அது எட்டாது. சங்கரன்கோவிலைப் பற்றிப் பாடிய பாட்டு, சங்கரன்கோவில் தெருவில் போகிறவர்களுக்கே புரியாது!

ரெட்டியார் இந்த ஒரு வகையோடு நின்றிருந்தால், இன்று தமிழ் படித்த சிலருக்கு மட்டுமே அவர் பெயர் தெரிந்திருக்கும்.

கழுகுமலை வழியில்

கழுகுமலை முருகன் கோவில் மலையைக் குடைந்து அமைத்த கோவில். அங்கே காவடி எடுப்பது நெடுநாளைய வழக்கம். காவடி என்பது தோளில் வைத்துச் சுமக்கும் தண்டு. மேலே வளைவும் மயில் இறகும் இருக்கும். இரு பக்கமும் பால் செம்பு தொங்கும். இடும்பன் என்பவன் இரண்டு மலைகளைத் தண்டில் கட்டித் தூக்கி வந்தான் என்ற கதையில் இருந்து இந்த வழக்கம் வந்ததாகச் சொல்வார்கள்.

மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனிடம் பக்தி மிகுந்தவர். அவர் பரிவாரங்களோடு கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்றார் என்றும், அந்த வழிநடைக்காகவே ரெட்டியார் சிந்து பாடினார் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். வீரகேரளம்புதூரில் இருந்து கழுகுமலை, காலையில் கிளம்பி மாலையில் போய்ச் சேருகிற தூரம் அல்ல. காடும் மேடும் கடந்து போக வேண்டும். காவடியைச் சுமப்பவர்கள், மேளக்காரர்கள், வேலைக்காரர்கள், வழியில் சேர்ந்து கொண்ட ஊர் ஜனங்கள் என்று பெருங்கூட்டம்.

இந்தக் கூட்டத்துக்குத் திரிபந்தாதி பாடினால் என்ன ஆகும்? ஓர் அடிகூட நகராது! புலவர் இதை அறிந்தார். தாம் சிறு வயதில் கேட்டு வளர்ந்த பாட்டு வகைகளை நினைத்தார் போலும். சிந்து என்பது அவருக்கு முன்பே ஜனங்களிடம் இருந்த பாட்டு வகை. அதைக் கையில் எடுத்தார். மடத்தில் கற்ற சொல்வளத்தை அதில் ஏற்றினார்.

இருபதுக்கும் மேற்பட்ட பாட்டுகள் பிறந்தன. கழுகுமலையின் சிறப்பு, ஊரின் அழகு, முருகன் பெருமை எல்லாம் அதில் உண்டு. முருகன் மேல் காதல் கொண்டு வாடும் பெண்ணின் பேச்சும் உண்டு. பக்திப் பாட்டு என்று தொடங்கி, மனிதர்களின் ஆசையையும் ஏக்கத்தையும் சொல்லி விடுகிறது. நடப்பவருக்கு அலுப்புத் தட்டாமல் இருக்க வேறு என்ன வேண்டும்?

சிந்து செய்யும் மாயம்

காவடிச் சிந்து எப்படி நடையைச் சுலபமாக்குகிறது? இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கணக்கு இருக்கிறது.

சிந்தில் ஒவ்வொரு பகுதியும் ஒரே அளவு தாளத்தில் அமைந்திருக்கும். தாளம் விழும் இடத்தில் கால் விழும். எல்லோர் காலும் சேர்ந்து விழுவதால், கூட்டத்தில் முந்துவதும் பின்தங்குவதும் குறையும். சொல்லை நீட்டிப் பாடும் இடங்களில் மூச்சு வாங்கிக் கொள்ளலாம். பிறகு சொற்கள் அடுக்கடுக்காக விரைந்து வரும். அப்போது காவடி துள்ளும்.

ஒரே மாதிரி ஓசையில் முடியும் சொற்கள் வரிசையாக வந்து விழும். ஒரு சொல்லைக் கேட்டால் அடுத்த சொல் தானாக நினைவுக்கு வரும். எழுதி வைத்துக் கொள்ளாமலே மனப்பாடம் ஆகி விடும்.

மெட்டும் காதுக்குப் பழகிய மெட்டு. செஞ்சுருட்டி, ஆனந்தபைரவி போன்ற ராகங்களில் காவடிச் சிந்தைப் பாடுவார்கள். ராகத்தின் பெயர் தெரியாதவர்களும் அதன் இனிமையை உடனே உணர்ந்து கொள்வார்கள்.

எழுத்து அறியாதவரின் புத்தகம்

1901-ல் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது, இந்தியாவில் 100 பேரில் 5 பேர் அளவுக்கே எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. ரெட்டியார் காலத்தில் நிலைமை இதைவிட மேலாக இருந்திருக்காது. அப்படியானால் மீதி 95 பேருக்குத் தமிழ் இலக்கியம் எப்படிப் போய்ச் சேரும்?

காது வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். ரெட்டியாரின் சிந்தில் எளிய சொற்கள் மட்டும் இல்லை. நல்ல புலமைச் சொற்களும் உவமைகளும் நிறைய உண்டு. ஆனாலும் தாளத்தோடு வந்ததால் ஜனங்கள் அவற்றைத் தயங்காமல் வாங்கிக் கொண்டார்கள். முதலில் ஓசை பிடித்தது. பாடப் பாடப் பொருளும் பிடிபட்டது. கையெழுத்துப் போடத் தெரியாத ஒருவர், மடத்தில் படித்த புலவரின் பாட்டை முழுவதும் தவறாமல் பாடுவார். இதைவிட ஒரு புலவருக்கு வேறு என்ன பரிசு வேண்டும்?

சென்னிகுளத்துக்குக் கிழக்கே எட்டயபுரத்தில் 1882-ல் பிறந்தவர் சுப்பிரமணிய பாரதியார். அவரும் சிந்து வகையை நிறையக் கையாண்டார். ஏற்றம் இறைப்பவர் பாட்டிலும், நெல் குத்தும் பெண்கள் பாட்டிலும் தம் நெஞ்சைப் பறிகொடுத்ததாகக் குயில் பாட்டில் சொல்கிறார். நாட்டு விடுதலையைப் பற்றி ஜனங்களிடம் பேச வேண்டும் என்று நினைத்தபோது, ஜனங்களின் மெட்டுதான் அவருக்குக் கை கொடுத்தது.

இளமையில் மறைவு

புகழ் வளர்ந்து வந்த நேரத்தில் ரெட்டியாரின் வாழ்வு முடிந்து விட்டது. 1891-ல் அவர் காலமானார். இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்திருந்தால் எவ்வளவோ பாடியிருப்பார். கிராமபோனும் அவர் குரலைப் பதிந்து வைத்திருக்கும். அந்தப் பாக்கியம் தமிழுக்குக் கிடைக்கவில்லை. அவர் எப்படிப் பாடினார் என்பதைக் கேட்க நமக்கு வழி இல்லை.

ஆனால் அவர் பாட்டுக்கு இயந்திரம் தேவைப்படவில்லை. நடப்பவர் வாயில் அது இருந்தது. ஒரு கூட்டம் பாடியதைக் கேட்டு அடுத்த கூட்டம் பாடியது. கழுகுமலைக்குப் பாடிய சிந்து, பழனிக்கும் திருச்செந்தூருக்கும் நடந்தவர்களோடு போயிற்று. வீட்டுக் கூடத்துக்கும் பஜனை மடத்துக்கும் வந்தது. பின்னர்க் கச்சேரி மேடையும் நாட்டிய மேடையும் ஏறியது. கச்சேரியின் கடைசிப் பகுதியில் ஒரு காவடிச் சிந்து வந்தால், தூங்கி வழிந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்து தாளம் போடுவதை இன்றும் பார்க்கலாம்.

கடல் கடந்த காவடி

ரெட்டியார் மறைந்த மறு ஆண்டு 1892. மலேயாவில் பத்துமலைக் குகைக் கோவிலில் தைப்பூசத் திருவிழா தொடங்கிய ஆண்டு அது. தோட்டங்களிலும் ரயில் பாதையிலும் உழைக்கத் தமிழர்கள் கப்பல் ஏறிய காலம். மலேயா, சிங்கப்பூர், மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா எங்கும் அவர்களோடு காவடியும் போயிற்று. பெட்டியில் கொண்டு போக அதிகம் ஒன்றும் இல்லாத ஏழைகள், பாட்டை மனத்தில் கொண்டு போனார்கள். அதற்குச் சுங்கமும் இல்லை, சுமைக்கூலியும் இல்லை!

தொழிற்சாலையில் பாட்டு

வேலைக்குப் பாட்டு துணை என்பதை மேல்நாட்டாரும் தெரிந்து வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, 1940-ல், இங்கிலாந்தில் பி.பி.சி. வானொலி தொழிலாளர்களுக்காக ஒரு தனி நிகழ்ச்சியைத் தொடங்கியது. தொழிற்சாலை ஒலிபெருக்கிகளில் அது முழங்கும். எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, சீரான தாளம் என்று பார்த்துப் பொறுக்கிய இசை. அலுப்பைப் போக்கி உற்பத்தியைப் பெருக்குவது நோக்கம். 1967 வரை அது நடந்தது.

அங்கே ஒரு நாட்டு வானொலி செய்த வேலையை, இங்கே ஒரு தனிப் புலவர் அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்து விட்டார். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஒலிபெருக்கியில் கேட்டவர்கள் கேட்டுக் கொண்டு மட்டும் இருக்கலாம். காவடிக் கூட்டத்தில் அப்படி இருக்க முடியாது. கேட்பவரும் பாடியாக வேண்டும்.

சங்கரன்கோவில் இன்று விசைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். கைத்தறியில் நெய்பவர் மிதியின் ஓசைக்கு ஏற்ப வாய்விட்டுப் பாடலாம். விசைத்தறியின் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்காது. பாட்டு வேண்டுமானால் காதில் கருவியை மாட்டிக் கொள்ள வேண்டும். ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொரு பாட்டு. அலுப்பு தீருகிறது, உண்மைதான். அதைக் குறை சொல்வதற்கு இல்லை. 1963-ல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்த பிறகு, இந்தச் சீமையில் எத்தனையோ வீடுகளின் வேலை ரேடியோப் பாட்டோடுதான் நடந்தது.

ஆனால் ஒருவர் பாட மற்றவர் வாங்கிப் பாடும் பழக்கம் குறைந்து வருகிறது. காவடிக் கூட்டத்தின் முன்னாலும் இப்போது சிறு வண்டியில் ஒலிபெருக்கி போகிறது. வண்டி முந்திப் போனால் பாட்டும் முந்திப் போய் விடும். நடப்பவருக்காகக் காத்திருக்க அதற்குத் தெரியாது.

நல்ல வேளையாக, சாலையில் ஏதாவது ஓர் இடத்தில் வண்டி பின்தங்கி விடுகிறது. அப்போது கூட்டத்தில் வயதான ஒருவர் தொண்டையைச் செருமிக் கொண்டு பாட்டை எடுக்கிறார். பக்கத்தில் நடக்கும் பேரன் முதலில் கேட்கிறான். பிறகு கடைசிச் சொல்லை மட்டும் சேர்ந்து சொல்கிறான். கழுகுமலை கண்ணில் படும்போது அவனுக்குப் பாதிப் பாட்டு வந்து விடுகிறது.

அண்ணாமலை ரெட்டியார் யார் என்று அவனுக்குத் தெரியாது. வீட்டுக்குத் திரும்பியதும் யாராவது அவனுக்குச் சொல்ல வேண்டும்.